விலாங்கு வால்

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டிப் பிழைக்குமாம் விலாங்கு. 2015-ல் போலந்தில் வெளிவந்த ஒரு கடல்கன்னிப் படத்துக்கு இந்தப் பழமொழி அளவெடுத்துத் தைத்த சட்டை. பேய்ப்படம் தேடி வந்தவர்களுக்கு அது பல்லைக் காட்டியது. பாட்டுப்படம் தேடி வந்தவர்களுக்குக் குரலைக் காட்டியது. போலிஷ் மொழியில் அதன் பெயர் 'ட்சுர்கி டான்சிங்கு', அதாவது டான்சிங் கூடத்து மகள்கள். வெளிநாடுகளில் 'தி லூர்' என்ற பெயரில் ஓடியது.

கதை முதலில் கடல்கன்னிகளைப் பற்றியதாகவே இல்லை. திரைக்கதை எழுத்தாளர் ரோபர்ட் போலெஸ்தோவுக்கு இரண்டு தோழிகள்: பார்பரா, சூசன்னா வ்ரோன்ஸ்கா என்ற சகோதரிகள். 'பல்லாடி இ ரொமான்சே' என்ற பெயரில் இசைக்குழு நடத்துபவர்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலப் போலந்தில் 'டான்சிங்' என்றால் சாப்பாடு, வோட்கா, மேடை இசை, ஜோடி நடனம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடம். நம் எழுபதுகளின் படங்களில் வில்லன் உட்கார்ந்து காபரே பார்க்கும் கூடத்தை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே மேடையின் பின்னால் இசைக்கலைஞர்களின் குழந்தைகளும் இருந்தார்கள். அந்தச் சூழலில் சிறுவயதைக் கழித்தவர்கள் இந்தச் சகோதரிகள். போலெஸ்தோ அவர்கள் கதையை எழுத நினைத்தார். சொந்த வீட்டு விஷயத்தை அப்படியே திரையில் விரிக்க அவர்களுக்குத் தயக்கம். அப்போதுதான் கதாபாத்திரங்களுக்கு வால் முளைத்தது.

மறைப்பதற்காகப் போட்ட வேடம் சில சமயம் ஆளை அப்பட்டமாகக் காட்டிவிடும். இங்கே நடந்தது அதுதான். நேரடியாகச் சொல்லியிருந்தால் பழைய நினைவுகளின் சோகப்படமாக முடிந்திருக்கும். வால் வந்த பிறகு, வயதுக்கு வரும் பெண்ணுடல் மேடையில் எப்படி விலைக்கு நிற்கிறது என்பதைக் கூசாமல் காட்ட முடிந்தது. டான்சிங் விடுதியில் பாட வரும் கடல்கன்னிச் சகோதரிகளின் கால்கள் மேல், மேலாளர் முன்னால் தண்ணீர் ஊற்றி வாலை வரவழைத்துச் சரக்கைப் பரிசோதிக்கும் காட்சி ஒன்று போதும்.

படத்தை இயக்கிய அக்னியெஷ்கா ஸ்மோச்சின்ஸ்காவுக்கும் இந்த உலகம் அந்நியமில்லை. அவருடைய தாயார் இப்படியொரு விடுதியை நடத்தியவர். முதல் சிகரெட்டும் முதல் மதுவும் தனக்கு அங்கேதான் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது அவருடைய முதல் முழுநீளப் படம். பாடல்களை வ்ரோன்ஸ்கா சகோதரிகளே எழுதி இசையமைத்தார்கள். தங்கள் கதை வேண்டாம் என்று தயங்கியவர்களின் பாட்டுதான் படம் முழுக்க ஓடுகிறது!

வாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிஸ்னியின் 1989-ஆம் ஆண்டுப் படத்திலிருந்து உலகக் குழந்தைகள் அறிந்தது பச்சை நிறத்தில் பளபளக்கும் சின்ன வால். இந்தப் படத்தின் வால் அப்படியல்ல. பெண்ணுடலைவிட நீளமாக, தடித்து, வழவழவென்று, பார்த்தவுடன் விலாங்கைத்தான் நினைவூட்டும். ஓவியர் அலெக்சாண்ட்ரா வலிஷெவ்ஸ்காவின் கொடூரமும் குழந்தைத்தனமும் கலந்த படங்கள் டைட்டில் காட்சியிலேயே வந்து, இது எந்த மாதிரிக் கடல் என்று எச்சரித்துவிடும்.

படம் நடக்கும் வார்சா நகருக்கு இந்தக் கோரம் புதிதுமல்ல. கடல்கன்னிதான் அந்த நகரின் சின்னம்; கையில் வாளும் கேடயமும் ஏந்தியவள். மிகப் பழைய நகர முத்திரைகளில் அவள் அழகிகூட இல்லை. இறக்கையும் பறவைக்காலும் கொண்ட ஒரு பூதம். விஸ்துலா ஆற்றங்கரையில் 1939-ல் நிறுவப்பட்ட, லுத்விகா நிட்சோவா வடித்த கடல்கன்னிச் சிலைக்கு மாதிரியாக நின்ற கவிஞர் கிரிஸ்தினா க்ராகெல்ஸ்கா, 1944-ல் நாஜிகளுக்கு எதிரான வார்சா எழுச்சியின் தொடக்கத்திலேயே குண்டடிபட்டு இறந்தார். கடலிலிருந்து இரண்டு சகோதரிகள் வந்ததாகவும், ஒருத்தி கோபன்ஹேகனில் தங்கிவிட, மற்றவள் விஸ்துலாவில் எதிர்நீச்சல் போட்டு வார்சாவுக்கு வந்ததாகவும் ஒரு கதை உண்டு. படத்திலும் இரண்டு சகோதரிகள்தான்: மார்த்தா மசூரெக் நடித்த வெள்ளி, மிகலினா ஓல்ஷான்ஸ்கா நடித்த தங்கம். கோபன்ஹேகன்காரி, டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837-ல் எழுதிய கதையின் நாயகி; காதலுக்காகக் குரலைக் கொடுத்தவள். வார்சாக்காரி வாளேந்தியவள். வெள்ளி முதலாமவள் வழியில் போகிறாள். தங்கம் இரண்டாமவள் வழியில் போகிறாள்.

வெள்ளி, கிதார்க்காரப் பையன் ஒருவன்மேல் மனம் வைக்கிறாள். நீ எனக்கு எப்போதும் மீன்தான் என்கிறான் அவன். அவனுக்காக வாலை அறுத்தெறிந்து கால் பொருத்திக்கொள்ள, பனிக்கட்டி மேல் படுக்கிறாள். ரம்பம் ஓடுகிறது, அவள் பாடிக்கொண்டே இருக்கிறாள், பாட்டின் நடுவில் குரல் அடங்கிவிடுகிறது. ஆண்டர்சன் கதையில் சூனியக்காரி நாக்கை வெட்டுவாள். இங்கே பாட்டுப்படத்தின் இலக்கணமே வெட்டப்படுகிறது: பாடப் பிறந்தவள் பாட முடியாமல் மிச்சப் படத்தைக் கடக்கிறாள். திகிலும் பாட்டும் தனித்தனியாக ஒட்டவைத்தவை அல்ல என்பதற்கு இந்த ஒரு காட்சியே சாட்சி. பையன் வேறொருத்தியை மணக்கிறான். விடிவதற்குள் அவனைக் கடித்துத் தின்றால்தான் பிழைக்கலாம். அதற்கு மனம் வராமல் வெள்ளி நுரையாகிறாள், தங்கம் அவன் தொண்டையைக் கிழித்துவிட்டுத் தண்ணீரில் பாய்கிறாள். ஆண்டர்சன் தன் நாயகிக்கு ஆன்மா கிடைக்கும் என்றொரு ஆறுதலை வைத்திருந்தார். இந்தப் படம் அதைக் கொடுக்கவில்லை. எனக்கு இதுவே நேர்மையாகப் படுகிறது.

நடுவில் படம் தடுமாறாமல் இல்லை. சில பாட்டுகள் கதையை நிறுத்திவைத்துவிட்டு ஆடுகின்றன. துணைப் பாத்திரங்கள் சிலர் வந்த வேகத்தில் காணாமல் போகிறார்கள். ஆனால் தத்தெடுத்த தாய் போல் அரவணைக்கும் பாடகியாகக் கிங்கா ப்ரெய்ஸ் இருக்கும் இடமெல்லாம் படம் நிமிர்ந்து நிற்கிறது. தங்கம் செய்த ஒரு கொலை வெளியே தெரிந்ததும், அந்தப் பாடகியின் இசைக்குழுவே சகோதரிகளை அடித்துக் கம்பளத்தில் சுருட்டி ஆற்றில் எறிகிறது. குடும்பம் என்று நம்பியதன் கணக்கு அங்கே தெரிந்துவிடுகிறது.

படம் போலந்தின் கிடினியா திரைப்பட விழாவில் அறிமுக இயக்கத்துக்கான பரிசு வாங்கியது. திரையரங்குகளுக்கு வந்தது 2015 டிசம்பர் 25 அன்று. ரத்தம் வழியும் படத்துக்குக் கிறிஸ்துமஸ் தேதி! அடுத்த மாதமே அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில், தனித்த பார்வைக்கும் வடிவமைப்புக்குமான சிறப்பு நடுவர் விருது. 2017-ல் ஜானஸ் நிறுவனம் அமெரிக்கத் திரைகளுக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டு கிரைட்டீரியன் நிறுவனத்தின் வட்டாக வெளிவந்து, பழைய மேதைகளின் படங்கள் இருக்கும் அடுக்கில் போய் உட்கார்ந்தது.

ஸ்மோச்சின்ஸ்கா 2022-ல் ஆங்கிலத்தில் 'தி சைலண்ட் ட்வின்ஸ்' எடுத்தார். வேல்ஸில் வளர்ந்த கிப்பன்ஸ் இரட்டையரின் உண்மைக் கதை. ஒருவரோடொருவர் மட்டுமே பேசி, வெளியுலகிடம் வாய் திறக்காத சகோதரிகள். இந்த முறை உண்மைப் பெயர்களை மாற்றவில்லை, வாலும் தேவைப்படவில்லை.