உள்ளங்கையிலிருந்து வந்த குட்டி சூப்பர்மேன்

இந்த இணைய அரங்கில் வழக்கமாகப் பெரிய நாவல்களைப் பற்றிப் பேசுவோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது பத்துச் சதத்துக்கு விற்ற ஒரு சித்திரக்கதை இதழ். 1958 நவம்பர் எனத் தேதியிட்ட 'சூப்பர்மேன்' 125ஆவது இதழ். அதில் 'சூப்பர்மேனின் புதிய சக்தி' என்றொரு சிறிய கதை. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

கதை இதுதான். சூப்பர்மேன் ஒரு குட்டி விண்கலத்தை ஆராயும்போது அது வெடிக்கிறது. அவனுடைய பழைய சக்திகள் போய்விடுகின்றன. பறக்க முடியவில்லை, பாரம் தூக்க முடியவில்லை. பதிலாக ஒரு புதுச் சக்தி வருகிறது. கையை நீட்டினால் விரல்களிலிருந்து வானவில் நிறங்களில் ஒளி பாய்கிறது. கூடவே உள்ளங்கை அளவில் ஒரு சூப்பர்மேன், அதே உடை, அதே முகத்தோடு வெளிப்பட்டுப் பறந்து போய் எல்லாச் சாகசங்களையும் செய்கிறான். சனங்கள் குட்டியைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். பெரியவன் தெருவில் நின்று பார்க்கிறான். அவனுக்குப் பொறாமை வருகிறது. கடைசியில் கிரிப்டோனைட்டால் அவன் உயிருக்கு ஆபத்து வரும்போது குட்டி தன்னையே பலியிட்டு அவனைக் காப்பாற்றுகிறது. பழைய சக்திகள் திரும்புகின்றன. அடுத்த கதையில் இதைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது.

இப்படிப்பட்ட கதைகள் அக்காலத்தில் ஏன் வந்தன? 1938இல் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றியபோது அவனுக்குப் பறக்கத் தெரியாது. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுவான், அவ்வளவுதான். வானொலி நாடகமும் அசைபடமும் வந்த பிறகு பறக்கத் தொடங்கினான். ஆண்டுக்கு ஆண்டு சக்திகள் கூடி, ஐம்பதுகளில் அவனால் முடியாதது எதுவுமில்லை என்றாகிவிட்டது. எல்லாம் முடிந்தவனை வைத்து என்ன கதை எழுதுவது? போதாததற்கு 1954இல் சித்திரக்கதைகளுக்கான தணிக்கை விதிகள் வந்து வன்முறையையும் குறைத்துவிட்டன.

அப்போது பதிப்பாசிரியராக இருந்த மோர்ட் வைசிங்கர் கண்ட வழி, நாயகனையே கொஞ்ச நேரத்துக்கு மாற்றிவிடுவது. அதே 1958இல்தான் சிவப்பு கிரிப்டோனைட்டும் கதைகளில் நுழைந்தது. அது சூப்பர்மேனை என்ன வேண்டுமானாலும் ஆக்கும், ஆனால் ஒன்றிரண்டு நாளில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பது பின்னர் விதியாகவே ஆனது. உம்பர்ட்டோ ஈக்கோ 1962இல் சூப்பர்மேனைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த உலகின் காலத்தைத்தான் ஆராய்ந்தார். நாயகன் செய்யும் எதுவும் அவனை முதுமைக்கோ முடிவுக்கோ கொண்டுபோகக் கூடாது. அதனால் ஒவ்வொரு கதையும் கனவுபோல முந்தையதை மறந்துவிட்டுத் தொடங்குகிறது.

இதுவரை வரலாறு. ஆனால் நான் இந்தக் கதையை விடாமல் யோசிக்க வேறு காரணம் உண்டு.

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஷுஸ்டர் பிறந்தது எங்கள் ரொறன்ரோவில், 1914இல். சிறுவனாக இங்கே பத்திரிகை விற்றவர். பிறகு குடும்பம் கிளீவ்லாந்துக்குப் போக, அங்கே சீகலின் நட்புக் கிடைத்தது. 1938இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1947இல் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 94,000 டொலருடன் வழக்கு முடிந்தது. அதன்பின் கதைகளில் அவர்களுடைய பெயர் இல்லை.

ஆக, 1958இல் இந்த இதழ் வந்தபோது அந்தப் பெயர்கள் போய்ப் பத்து ஆண்டுகள். கையிலிருந்து புறப்பட்ட ஒன்று உலகமெல்லாம் பறக்கிறது. கைக்குரியவன் கூட்டத்தில் ஒருவனாக நிற்கிறான். இதை எழுதியவர் சீகலை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னால் இந்தக் கதையை இனி வேறு மாதிரி வாசிக்க முடியாது. 1959இல் சீகல் அதே நிறுவனத்துக்கே திரும்பி, தன் பாத்திரத்துக்குப் பெயரில்லாமல் கதை எழுதினார். பெரிய பொருட்செலவில் திரைப்படம் தயாராகிறது என்ற செய்தி வந்த பிறகு, 1975இல் அவர் பகிரங்கமாகக் குரல் கொடுத்தார். ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும் பெயரும் அதன்பின் கிடைத்தன. சித்திரக்கதையில் இரண்டு நாளில் திரும்புவது வாழ்க்கையில் இருபத்தேழு ஆண்டு எடுத்தது. அப்போதும் உரிமை திரும்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். நான் கனடாவுக்கு வந்த புதிதில் வங்கியிலும் மருத்துவரிடமும் எனக்காகப் பேசியது என் மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. ஊரில் ஒரு வகுப்பறையையே குரலால் அடக்கிய ஆள் நான். இங்கே அவளுக்குப் பின்னால் கைகட்டி நிற்பேன். கவுண்டரில் இருப்பவர் அவளைப் பார்த்துச் சிரித்து, கெட்டிக்காரப் பிள்ளை என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். கூடவே இன்னொன்றும் இருக்கும். அதற்குப் பெயர் பொறாமை என்று ஒப்புக்கொள்ள எனக்கு இந்தப் பத்துச் சதக் கதை தேவைப்பட்டது.

குட்டி சூப்பர்மேன் தன்னைக் கொடுத்துப் பெரியவனுக்குச் சக்தியைத் திருப்பித் தந்தான். எங்கள் பிள்ளைகளிடம் நாம் அதைக் கேட்கக் கூடாது. என் ஆங்கிலத்தை நானே மாலை வகுப்புக்குப் போய்த்தான் படித்தேன். இப்போதும் சில இடங்களில் அவள்தான் பேசுகிறாள். நான் பக்கத்தில் நிற்கிறேன், பின்னால் இல்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.