இம்போஸ்டர் உணர்வு: வரலாறும் மீளும் வழிகளும்

இம்போஸ்டர் உணர்வு என்பது, படிப்பிலோ பணியிலோ உண்மையாகவே சாதித்த ஒருவர், அந்தச் சாதனைக்குத் தாம் தகுதியானவர் அல்லர் என்று உள்ளூர நம்பும் நிலையாகும். இம்போஸ்டர் என்ற ஆங்கிலச் சொல், வேறொருவராக நடித்து ஏமாற்றுபவரைக் குறிக்கும். மதிப்பெண், பட்டம், பதவி உயர்வு எனச் சான்றுகள் பல இருந்தாலும், 'எல்லாம் அதிர்ஷ்டத்தால் வந்தவை. என்றாவது ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்' என்ற அச்சம் இவர்களை விடுவதில்லை. இதைத் தன்னடக்கத்தோடு சேர்த்து எண்ணுதல் தவறு. தன்னடக்கம் உடையவர் தம் திறமையை அறிந்தும் பறைசாற்றாதவர். இவரோ தம் திறமையை நம்பவே மறுப்பவர்.

இன்று இது 'இம்போஸ்டர் சின்ட்ரோம்' என்ற பெயரில் ஒரு நோய்போலப் பேசப்படுகிறது. ஆனால் இதற்குப் பெயரிட்டவர்கள் இதை நோய் என்று சொல்லவில்லை.

பெயர் பிறந்த விதம்

அமெரிக்க உளவியலாளர் பாலின் கிளான்ஸ், வர்ஜீனியா மாநிலத்தின் மலைப்பகுதியில் ஒரு மர அறுவை ஆலைக்காரரின் குடும்பத்தில் பிறந்தவர். மேற்படிப்பின்போது ஒவ்வொரு தேர்வுக்கும் தோல்வி நிச்சயம் என்று அஞ்சியபடியே சென்று, ஒவ்வொன்றிலும் தேறினார். 1970களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் பணியாற்றியபோது, நன்றாகப் படிக்கும் மாணவிகள் பலர் அதே அச்சத்தைச் சொல்வதைக் கேட்டார். அங்கு அவருடன் பணியாற்றிய சூசன் ஐம்சுக்கும் இத்தகைய அனுபவம் இருந்தது.

இருவரும் ஐந்து ஆண்டுகளில் 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் பேசினர். முனைவர் பட்டம் பெற்றோர், தம் துறையில் மதிக்கப்பட்டோர், படிப்பில் சிறந்த மாணவிகள் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். தேர்வுக் குழு தவறுதலாகத் தம்மைச் சேர்த்துக்கொண்டது என்று நம்பிய மாணவிகளும் இருந்தனர். இவற்றைத் தொகுத்து 1978இல் வெளியிட்ட கட்டுரையில்தான் 'இம்போஸ்டர் நிகழ்வு' என்ற பெயர் இடம்பெற்றது. 'நிகழ்வு' என்றார்களே தவிர, நோய்க்குறித் தொகுதி எனப் பொருள்படும் 'சின்ட்ரோம்' என்று அவர்கள் எழுதவில்லை.

வீட்டில் தொடங்கும் வேர்

அக்கட்டுரை இருவகைக் குடும்பச் சூழலைச் சுட்டியது. முதல் வகையில், உடன்பிறந்தவர் ஒருவருக்கு 'அறிவாளி' என்ற பட்டம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கும். இந்தப் பெண்ணுக்கு 'நல்ல குணம், இனிய பேச்சு' என்ற பட்டமே எஞ்சும். பிறகு அவள் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் வீட்டின் கணிப்பு மாறாது. இரண்டாம் வகையில், குழந்தை எதையும் எளிதாகச் செய்துவிடும் என்று பெற்றோர் ஓயாமல் புகழ்வர். பள்ளியில் முதல்முறையாக ஒரு பாடம் கடினமாகத் தோன்றும்போது, 'முயன்று படிக்க வேண்டியிருக்கிறதே, அப்படியானால் நான் அறிவாளி இல்லை' என்று அக்குழந்தை முடிவுகட்டிவிடுகிறது. குறைத்து மதிப்பிடுவது மட்டுமன்றி, அளவுமீறிய புகழ்ச்சியும் இதே இடத்தில் கொண்டுவிடலாம் என்பது பெற்றோரும் ஆசிரியரும் கருத வேண்டியது.

விடாத சுழற்சி

கிளான்ஸ் 1985இல் எழுதிய நூலில் இவ்வுணர்வு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் முறையை விளக்கினார். தேர்வோ புதிய பணியோ வரும்போது பதற்றம் எழுகிறது. ஒருவர் அளவுக்கு மீறி உழைக்கிறார். மற்றொருவர் தள்ளிப்போட்டுக் கடைசி நேரத்தில் ஓடிச் செய்கிறார். இருவரும் வெற்றி பெறுகின்றனர். முன்னவர் 'உழைப்பால் வந்தது, திறமையால் அன்று' என்கிறார். பின்னவர் 'அதிர்ஷ்டம்' என்கிறார். இரு வழியிலும் வெற்றி கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே அடுத்த பணியும் அதே பதற்றத்தோடு தொடங்குகிறது.

இவ்வுணர்வை மதிப்பிட அவர் 20 கூற்றுகள் கொண்ட அளவுகோலையும் உருவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் கூடக் கூட உணர்வின் தீவிரமும் கூடும். இன்றும் ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகின்றனர்.

பரவலும் மறுப்பும்

பின்வந்த ஆய்வுகள் இவ்வுணர்வு ஆண்களிடமும் உண்டு என்று காட்டின. 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 14,161 பேரை உள்ளடக்கிய 62 ஆய்வுகளைப் பரிசீலித்தது. அளவுகோலையும் வரம்பையும் பொறுத்து, இவ்வுணர்வு உடையோர் 9 விழுக்காடு முதல் 82 விழுக்காடு வரை எனப் பெரிதும் வேறுபட்டனர். ஆண், பெண் ஒப்பீடு செய்த 33 ஆய்வுகளில் 16 பெண்களிடம் மிகுதி என்றன. 17 வேறுபாடில்லை என்றன. சிகிச்சை முறைகளைச் சோதித்த ஆய்வு எதுவும் அத்தொகுப்பில் கிடைக்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டிலும் இது இடம்பெறவில்லை.

2021இல் ருச்சிகா துல்ஷியான், ஜோடி ஆன் பியூரி ஆகியோர் வேறொரு கேள்வியை எழுப்பினர். ஓர் அலுவலகத்தில் ஒரு பெண்ணின் சொல் காதில் வாங்கப்படாமலும், அவர் திறமை ஓயாமல் ஐயுறப்பட்டும் வந்தால், அவர் கொள்ளும் ஐயம் அவருடைய குறையா, அந்த இடத்தின் குறையா? குறிப்பாகக் கறுப்பினப் பெண்களும் பிற சிறுபான்மையினரும் படும் பாகுபாட்டை மறைத்து, அவர்களையே திருத்த முற்படுவது முறையன்று என்பது அவர்கள் வாதம். கிளான்சும் பிற்காலத்தில், இதற்கு 'இம்போஸ்டர் அனுபவம்' என்று பெயரிட்டிருக்கலாம் என்றும், இது மனநோய் அன்று என்றும் கூறினார்.

மீளும் வழிகள்

1978 கட்டுரை முதன்மையாகப் பரிந்துரைத்தது குழுவாக அமர்ந்து பேசும் முறையையே. தன் வெற்றியைத் தானே மறுப்பவருக்கு அந்த மறுப்பின் பொருந்தாமை தெரிவதில்லை. அதே மறுப்பை இன்னொருவர் வாயால் கேட்கும்போது உடனே தெரிந்துவிடுகிறது. தாம் மட்டுமே இப்படி என்ற எண்ணமும் அங்கேயே உடைகிறது.

கிடைக்கும் பாராட்டுகளையும், அவற்றைத் தாம் எப்படித் தட்டிக்கழிக்கிறோம் என்பதையும் எழுதிவைப்பது மற்றொரு பயிற்சி. சில நாள் எழுதினால் அந்தப் பழக்கம் கண்ணுக்குப் புலப்படும். தோல்வியை எதிர்பார்த்துப் பதறினால்தான் வெற்றி வரும் என்ற மூடநம்பிக்கையை விட்டு, வெற்றியை முன்கூட்டியே எதிர்பார்த்துப் பார்ப்பதும் அக்கட்டுரை சொன்ன பயிற்சியே.

எனினும் இவை தனியொருவர் செய்யக்கூடியவை மட்டுமே. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி செல்லும் மாணவருக்கு அங்கு பழகிய முகமோ, வழிகேட்க ஆளோ இருப்பதில்லை. அவருக்கு வரும் அச்சத்தைக் கோழைத்தனம் என்று கொள்ளாமல், ஐயம் கேட்க இடம் தருவதும், செய்தது எது சரி என்று குறிப்பாகச் சொல்லிப் பாராட்டுவதும் கற்பிப்போர் கடமையாகும். பதற்றம் தூக்கத்தையோ அன்றாட வேலையையோ கெடுக்கும் அளவுக்குச் சென்றால் மனநல ஆலோசகரை நாடுவது நல்லது.