மணலில் எழுதிய மந்திரம்

பாட்டி சொல்லும் கதைகளிலே மந்திரவாதிக்கு ஒரு தனி இடம் உண்டு. ஏழு மலைக்கும் ஏழு கடலுக்கும் அப்பால் ஒரு குகையில் அவன் வாழ்வான். இளவரசியைக் கொணர்ந்து சிறை வைத்திருப்பான். அவன் உயிர் அவன் உடலில் இராது; எங்கோ ஒரு மரப்பொந்தில் வாழும் கிளியினிடத்தில் இருக்கும். மதனகாமராஜன் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் இத்தகைய மாயங்கள் நிறைந்தவை. புதுக்கோட்டையைச் சேர்ந்த நடிகர் பி. யு. சின்னப்பா நடித்து 1944இல் வெளிவந்த ‘ஜகதலப்பிரதாபன்’ திரைப்படமும் அவ்வழி வந்ததே. அதில் ஓர் இசையரங்கக் காட்சியில், பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஆகிய அனைவராகவும் அவர் ஒருவரே தோன்றுவார். கதையின் மாயத்தைக் காமிராவின் தந்திரம் மெய்போலக் காட்டியது.

மந்திரம் என்பது மாயவித்தை மட்டுந்தானா? நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. நிறைந்த வாக்குடைய சான்றோர் மொழியும் மறைபொருள் உடைய சொல்லையே மந்திரம் என்று தொல்காப்பியம் குறிக்கின்றது. மணிமேகலைக் காப்பியத்தின் தலைவியும் மந்திரம் அறிந்தவள். வேற்றுருக் கொள்ளவும், வானில் செல்லவும், பசியை வெல்லவும் மூன்று மந்திரங்களைத் தெய்வத்தினிடம் பெற்றாள். அவ்வாற்றலைக் கொண்டு அவள் பொன்னும் பொருளும் தேடவில்லை, பசித்தோர்க்கு உணவளித்தாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். ஆற்றல் யாரிடம் இருக்கிறது என்பதைவிட, அஃது எதற்குப் பயன்படுகிறது என்பதே நம் காப்பியம் கேட்கும் கேள்வி.

இக்கேள்வியோடு புதுக்கோட்டை வரலாற்றுக்கு வருவோம். 1730 முதல் 1769 வரை அங்கே ஆட்சி புரிந்தவர் விஜயரகுநாதராயத் தொண்டைமான். அக்காலத்திலே சதாசிவப் பிரம்மேந்திரர் என்னும் துறவி காவிரிக் கரையிலும் காடுகளிலும் மௌனியாகத் திரிந்தார். அவரைப் பற்றி மக்கள் கூறும் அற்புதங்கள் பல. சிறுவர்களைக் கண்மூடச் சொல்லி ஒரு நொடியில் மதுரைத் திருவிழாவுக்குக் கொண்டு சேர்த்தார் என்பர். காவிரி வெள்ளத்தில் மணலுள் புதைந்து, பல நாள் கழித்து உயிரோடு எழுந்தார் என்பர்.

இத்தகைய ஒருவரை அரசர் 1738இல் திருவரங்குளக் காட்டிலே கண்டார் என்பது அந்நாட்டு மரபு. கதைகளில் அரசன் மந்திரவாதியிடம் எதைக் கேட்பான்? பகைவரை வெல்ல ஒரு வாள், புதையலைக் காட்ட ஒரு மை. மேல்நாட்டுக் கதைகளிலும் ஆர்தர் மன்னனின் பிறப்புக்கும் அரசுக்கும் மெர்லின் என்னும் மாயாவியின் வித்தை துணைநின்றது. ஆனால் திருவரங்குளத்துத் துறவி வாளும் தரவில்லை, மையும் தரவில்லை. மௌனத்தைக் கலைக்காமல், விரலால் மணலில் உபதேசத்தை எழுதினார். மேலும் கற்க விரும்பினால் கோபாலகிருஷ்ண சாஸ்திரியார் என்னும் அறிஞரை நாடுமாறு குறித்தார். அரசர் அம்மணலைத் தம் ஆடையில் வாரிச்சென்று அரண்மனையில் வைத்துப் போற்றினார்; அவ்வறிஞரையும் வரவழைத்து ஆதரித்தார் என்பர். பிரகதாம்பாள் உருவமும் ‘விஜய’ என்னும் தெலுங்கு எழுத்தும் பொறித்த அம்மன் காசை நவராத்திரியில் அரிசியோடு வழங்கிய வழக்கத்தையும் இச்சந்திப்போடு இணைத்துச் சொல்வதுண்டு.

மாணவ நண்பர்களே, வரலாறு பயில்வோர் இங்கே மூன்றினைப் பிரித்தறிய வேண்டும். தொண்டைமான் ஆண்டதும், அம்மன் காசு வழங்கியதும் வரலாறு. காசை இன்றும் கையில் எடுத்துப் பார்க்கலாம். காட்டில் நிகழ்ந்த சந்திப்பும் மணலும் ஓர் அரச குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்த மரபு. நொடியில் மதுரை சென்றது மக்கள் கற்பனை. மூன்றையும் ஒன்றாகக் குழைத்தால் வரலாறு கெடும். கற்பனை என்று மூன்றாவதைத் தூக்கி எறிந்தாலோ, அந்த மக்கள் யாரை, ஏன் போற்றினர் என்பதை நாம் அறியாமலே போவோம்.

இவ்வாறு பிரித்தறியாமையால் விளையும் கேடு சிறிதன்று. பழைய கல்வெட்டைக் கண்டால், அது புதையலுக்கு வழி சொல்லும் மந்திரம் என்று எண்ணுவோர் உளர். அதனால் தோண்டப்பட்ட திருமேனிகளும் உடைக்கப்பட்ட கற்களும் நம் நாட்டில் உண்டு. கல்லைப் படிக்கத் தெரிந்தவனுக்கோ அது ஏரிக்கு வாய்க்கால் வெட்டியதையும், கோயில் விளக்குக்கு ஆடு விட்டதையும் கூறும். படிக்கத் தெரியாதபோது எழுத்து மாயமாகத் தோன்றுகிறது. படிக்கத் தெரிந்தபின் அதுவே அறிவாகிறது.

மந்திரவாதிக் கதைகளை மகிழ்ந்து படியுங்கள். அவை கற்பனைக்கு நல்ல உணவு. ஆனால் மந்திரத்தால் நோய் தீர்ப்பேன், பொன் செய்வேன் என்று ஒருவன் உங்கள் வாயிலில் வந்து நின்றால், திருவரங்குளத்து மணலை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே அரசருக்குக் கிடைத்தது சில எழுத்துகளும் ஓர் ஆசிரியரின் பெயருமே. அதனை ஒரு நாடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெருஞ்செல்வமாகப் போற்றி வந்தது.