அழித்த ஃபைல் எங்கே போகிறது?

தாமல் ஏரியைத் தாண்டி மேற்கே வேலூர்ப் பக்கம் போனால் திருவல்லம் என்ற ஊர் வரும். அங்குள்ள சிவன் கோயிலை ஒரு காலத்தில் இடித்துக் கட்டியபோது, பல்லவர் காலக் கல்வெட்டு ஒன்றைப் படியெடுத்து மறுபடியும் வெட்டி வைத்தார்கள். சுவரை இடிக்கும் முன் அதில் உள்ளதைக் காப்பாற்றியாக வேண்டும் அல்லவா? இன்றைய எஸ்.எஸ்.டி.யும் இதே வேலையைத்தான் செய்கிறது.

1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த ஹார்டு டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. காந்தப் பரப்பு என்பதால் பழையதன் மேலேயே புதியதை எழுதலாம். அதனால் எந்த இடம் காலி என்ற கணக்கு டிஸ்க்குக்குத் தேவைப்படவில்லை. அதை ஃபைல் சிஸ்டமே வைத்துக்கொண்டது. 1981-ல் வந்த எம்.எஸ்.டாஸில் ஒரு ஃபைலை அழித்தால், பெயரின் முதல் எழுத்து மாறும். அட்டவணையில் அதன் இடம் காலி என்று குறிக்கப்படும். உள்ளே இருந்த தகவல் அப்படியே கிடக்கும். அழித்த படங்களை மீட்க முடிந்தது இதனால்தான்.

1987-ல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழுவினர் நேண்ட் ஃபிளாஷ் நினைவகத்தை அறிமுகப்படுத்தினர். இதில் எழுதுவது சிறு பக்கங்களாக. அழிப்பதோ பல பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதியை மொத்தமாக. ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் தொகுதி கொஞ்சம் தேயும். ஆகவே, செல்லுபடியாகும் பக்கங்களை வேறிடத்துக்கு நகலெடுத்த பிறகே தொகுதியை அழிக்க முடியும்.

சிக்கல் இங்கேதான் வந்தது. ஃபைல் அழிக்கப்பட்ட செய்தி எஸ்.எஸ்.டி.க்குத் தெரியாது. ரத்தான தானத்தையும் சிற்பி சிரத்தையாக மறுபடி வெட்டுவது போல, குப்பையையும் அது நகலெடுத்துக்கொண்டே இருந்தது. வேகம் குறைந்தது, ஆயுளும் வீணானது.

இதற்குத் தீர்வாக வந்த கட்டளைதான் டிரிம். இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று ஃபைல் சிஸ்டமே எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லிவிடும். 2009-ல் விண்டோஸ் 7-லும், 2010-ல் லினக்ஸ் 2.6.33-லும் இது வந்தது.

வேகம் திரும்பியது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. டிரிம் போன பிறகு அழித்த ஃபைலை மீட்பது பெரும்பாலும் நடக்காது. ஹார்டு டிஸ்க் காலத்தில் தவறுதலாக அழித்தவருக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. எஸ்.எஸ்.டி.யில் அந்த வாய்ப்பு, முன்பே வேறிடத்தில் எடுத்து வைத்த நகல் மட்டும்தான்.