பாண்டி நாட்டுக் கடற்கரையிற் சோனகர்

முன்னுரை

தமிழகத்து முசுலிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோருட் சிலர் மாலிக் காபூரின் படையெடுப்பையே அதற்குத் தோற்றுவாயாகக் கொள்வர். கி. பி. 1311-இல் தில்லிப் படை மதுரையை அடைந்தது உண்மையே. ஆயினும், அப்படை வருமுன்னரே பாண்டி நாட்டுக் கடற்றுறைகளில் முசுலிம் குடிகள் ஊன்றி வாழ்ந்தன என்பதும், அவை நாட்டரசாலும் அயற் சமயத்தாராலும் ஏற்கப்பட்டிருந்தன என்பதும் கல்வெட்டாலும் பிறநாட்டார் குறிப்பாலும் விளங்குகின்றன. வணிகத்தால் வந்தமைந்த குடி வேறு. வாளேந்தி வந்த படை வேறு. இரண்டனையும் ஒன்றாக வைத்து எண்ணியதனால் நேர்ந்த மயக்கத்தை நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோனகர் என்னும் பெயர்

அரபு நாட்டாரையும் அவர்வழி வந்த குடிகளையும் தமிழர் சோனகர் என வழங்கினர். யவனர் என்னும் பழஞ்சொல்லே பின்னர் இவ்வாறு திரிந்தது என்பர். தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளை எண்ணுமிடத்து நன்னூல் உரைகாரர் காட்டும் பழம்பாடல் சிங்களம், சாவகம், சீனம் ஆகியவற்றோடு சோனகத்தையும் சேர்த்து எண்ணுகின்றது. இவை யாவும் கடல்வழி வணிகத்தால் தமிழர் அறிந்த நாடுகள் என்பது கருதத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டிலும் சோனகன் சாவூர் பரஞ்சோதி என்னும் பெயர் காணப்படுகின்றது. சோனகன் என்னும் குடிப்பெயரும் பரஞ்சோதி என்னும் தமிழ் வழக்குப் பெயரும் ஒருவனுக்கே அமைந்தமை, அயலார் இந்நாட்டு வாழ்வில் கலந்த முறைக்கு ஒரு சான்றாகும்.

மலைநாட்டுச் சான்றும் ஈண்டு நோக்கத்தக்கது. சேரன் தாணுரவியின் ஆட்சியில், கி. பி. 849-இல், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கப்பெற்ற செப்பேட்டில் சாட்சிகள் அரபு (கூபி) எழுத்திலும் பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். கிறித்துவர் பள்ளிக்கு விட்ட கொடைக்கு முசுலிமும் யூதரும் பாரசீகரும் சான்றாகி நின்றனர் என்பது இதனாற் பெறப்படும். இச்செப்பேட்டிற் குறிக்கப்பெறும் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவைச் சோழ பாண்டியர் கடற்கரைகளிலும் பின்னர்க் காண்கின்றோம்.

பள்ளியும் கொடையும்

பள்ளி என்னும் சொல்லின் வரலாறு இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்வதாகும். சமணர் உறையுளும் வழிபாட்டிடமும் பள்ளி எனப்பட்டன; அவற்றுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. நாகப்பட்டினத்தில் சீவிசய மன்னன் எடுப்பித்த பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியைக் கூறும் செப்பேடும் அதனைப் பள்ளி என்றே சொல்கின்றது. தரிசாப்பள்ளி கிறித்துவருடையது. அச்சொல்லே இறுதியில் சோனகர் தொழுமிடத்துக்கும் பெயராயிற்று. புதிதாக வந்த சமயத்தின் கோயிலைக் குறிக்கப் புதுச்சொல் ஒன்றைத் தேடாமல், முன்னரே வேறு சமயங்களுக்கு இடங்கொடுத்த பழஞ்சொல்லையே தமிழர் நீட்டி வழங்கினர். பள்ளிவாசல் என இன்றும் வழங்கும் சொல் அந்நீட்சியின் எச்சமாகும்.

இச்சொல் வழக்குக்குக் கல்வெட்டுச் சான்று திருப்புல்லாணியிற் கிடைக்கின்றது. அங்குள்ள திருமால் கோயிலிற் பொறிக்கப்பெற்ற கி. பி. 13-ஆம் நூற்றாண்டின் பாண்டியர் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கபட்டினத்தில் இருந்த சோனகச் சாமந்தப் பள்ளிக்கு நிலம் விட்ட செய்தியைக் கூறுகின்றது. இப்பட்டினம் கீழக்கரையை அடுத்த பெரியபட்டினமே என்று அறிஞர் கருதுவர். அவ்வூரில் நிகழ்ந்த அகழாய்விற் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் அதன் கடல் வணிகச் சிறப்பைப் புலப்படுத்துகின்றன. சோனகர் பள்ளிக்கு விட்ட கொடை திருமால் கோயிலிற் கல்லில் எழுதப்பட்டது என்பதொன்றே, அக்காலத்து அரசும் ஊராரும் அப்பள்ளியை எவ்வாறு கருதினர் என்பதைக் காட்டப் போதியதாகும்.

கொடை ஒருபுறத்ததாக மட்டும் நின்றிலது. தீர்த்தாண்டதானபுரத்துக் கி. பி. 1269-ஆம் ஆண்டுக் கல்வெட்டில், அஞ்சுவண்ணத்தார், மணிக்கிராமத்தார், சாமந்தப் பண்டசாலிகள் முதலிய வணிகக் குழுவினர் ஒருங்குகூடி, வாணிகப் பொருள்களின்மீது ஒரு தொகையை ஊர்ச் சிவன் கோயிலுக்கென ஒதுக்க இசைந்தனர் என்று அறிகின்றோம். பள்ளிக்கு அரசன் நிலம் விட்டதும், கோயிலுக்கு அயற்சமய வணிகர் உள்ளிட்டார் மகமை கொடுத்ததும் ஒரே நூற்றாண்டில் ஒரே கடற்கரையில் நிகழ்ந்தவை. இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கூறியமைதல் சாலாது. துறைமுகம் செழித்தால் அரசனுக்குச் சுங்கம் கிடைக்கும். வணிகனுக்குக் காவல் கிடைக்கும். கோயிலுக்கும் பள்ளிக்கும் பொருள் கிடைக்கும். நலன்கள் ஒன்றோடொன்று பிணைந்தமையே இணக்கம் நிலைத்ததற்குக் காரணம் என்க.

குதிரை வாணிகமும் அரசியலும்

இப்பிணைப்பின் உச்சத்தைக் குதிரை வாணிகத்திற் காணலாம். பாண்டியர் படைக்கு வேண்டிய குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து காயல் முதலிய துறைகளில் வந்திறங்கின. ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்தன என்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொற்காசு விலையாயிற்று என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு எழுதுகின்றார். இவ்வாணிகத்தோடு தொடர்புடைய தகியுத்தீன் அப்துர் ரகுமான் என்பார் பாண்டியனுக்கு அமைச்சராக விளங்கினார் என்பதும் அவர் கூற்றே. ஏறத்தாழ அதே காலத்தில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோவும் காயலின் வளத்தையும் குதிரை வரவையும் குறித்துள்ளார்.

இப்பின்னணியில் 1311-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்குதல் வேண்டும். தில்லி அவைப் புலவரான அமீர் குசுரு, வீரபாண்டியன் பக்கத்தில் முசுலிம் வீரர்கள் இருந்தமையைத் தாமே எழுதியுள்ளார். அவர்கள் சமய ஒழுக்கத்தில் பாதி இந்துக்களாயினர் என்று இகழ்ந்து, கலிமாவைச் சொல்லத் தெரிந்தமையால் உயிர் பிழைத்தனர் என்கின்றார். இக்குறிப்பு வந்தவர் மனநிலையையும் இருந்தவர் நிலையையும் ஒருங்கே காட்டுகின்றது. தில்லிப் புலவர் கண்ணுக்கு இந்நாட்டு முசுலிம்கள் அயலாராகவே தோன்றினர். பாண்டியனுக்கோ அவர்கள் தன் படையினர்.

பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடந்த மதுரைச் சுல்தான்களின் ஆட்சியிற் கொடுமைகள் நிகழ்ந்தன என்பதை மறைத்தல் வரலாற்று நெறியன்று. அவற்றை நேரிற் கண்டு கடிந்தெழுதியவரும் ஒரு முசுலிமே. மதுரைச் சுல்தான் கியாசுத்தீனுக்கு உறவினராயிருந்த பயணி இபின் பதூதா, அவன் பெண்டிரையும் குழந்தைகளையும் கொல்வித்ததை வெறுத்துரைக்கின்றார். சுல்தான்களின் ஆட்சி 14-ஆம் நூற்றாண்டிலேயே மறைந்தது. கடற்கரைக் குடிகளோ மறைந்தில. ஆட்சியைச் சார்ந்து தோன்றிய குடிகளாயின் ஆட்சியோடு அழிந்திருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

போர்த்துக்கீசியர் வருகை

இணக்கம் குலைந்த காலமும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் உரிமைபற்றிப் பரதவருக்கும் முசுலிம்களுக்கும் பூசல் மூண்டது. பரதவர் போர்த்துக்கீசியரின் துணையை நாடி, 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளிற் பெருந்தொகையினராகக் கிறித்துவம் தழுவினர். 1538-இல் வேதாளையில் நிகழ்ந்த போரில் போர்த்துக்கீசியர் வென்றனர். பூசலின் வேர் முத்தின் ஊதியம், கிளையே சமயம். நலன்கள் பிணைந்திருந்தபோது சமய வேறுபாடு பகைக்கு ஏதுவாகவில்லை. நலன்கள் முரண்பட்டு, இடையே கடற்படையுடைய மூன்றாமவர் புகுந்தபோது அவ்வேறுபாடே கொடியாக உயர்த்தப்பட்டது.

மொழியும் இலக்கியமும்

இத்தனை மாறுதல்களுக்கிடையிலும் இக்குடிகள் தமிழை விட்டு நீங்கவில்லை. தொழுகை, நோன்பு, பெருநாள், ஓதுதல் என அவர்தம் சமய வாழ்வின் அடிப்படைச் சொற்களே தமிழாக உள்ளன. களவியற் காரிகை உரையில் எட்டுப் பாடல்களால் மட்டும் அறியப்பெறும் பல்சந்தமாலை அவர்தம் பழைய இலக்கிய முயற்சிக்குச் சான்று. 1572-இல் மதுரையில் அரங்கேறிய ஆயிர மசலா முழுமையாகக் கிடைக்கும் நூல்களுட் பழமையானது.

17-ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் 5027 பாடல்களில், மூன்று காண்டங்களாக, நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடுகின்றது. அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாடு மருத வளங்கொழிக்கும் தமிழ் நிலமாகவே காட்சியளிக்கின்றது. உமறு, எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார் என்பது மரபு. அவரைப் புரந்த கீழக்கரைச் சீதக்காதியைப் படிக்காசுப் புலவரும் பாடினார். இங்ஙனம் ஆசிரியரும் மாணவரும், புரவலரும் புலவரும் சமய எல்லை கடந்து அமைந்தனர்.

நாகூரிலும் இதனையே காண்கின்றோம். சாகுல் அமீது ஆண்டகையின் அடக்கத்தலத்திலுள்ள ஐந்து மினார்களுள் மிக உயர்ந்ததைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் (1739–1763) எடுப்பித்தார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பாண்டிக் கடற்கரை முசுலிம்களின் வரலாறு படையெடுப்பில் தொடங்கவில்லை என்பதும், வணிகத்தால் தொடங்கிக் கொடையால் வேரூன்றி மொழியால் நிலைபெற்றது என்பதும் போதரும். 1311-ஐ அவ்வரலாற்றின் முதலாக வைப்போமாயின், திருப்புல்லாணிக் கல்வெட்டுக்கும் பாண்டியன் படையில் நின்ற முசுலிம்களுக்கும் நம் வரலாற்றில் இடமில்லாது போகும். நெடுங்காலம் உடன் வாழ்ந்த குடியை வந்தேறிய படையாக எண்ணும் பிழையும் நேரும். கடற்றுறை ஊர்களின் கல்வெட்டுகளையும், அரபுத்தமிழ்ச் சுவடிகளையும், அவ்வூர்களின் பேச்சு வழக்கையும் ஒருங்குவைத்து ஆராய்தல் தமிழ் மாணாக்கர் கடனாகும். அவை முசுலிம்களின் வரலாற்றுக்கு மட்டுமன்றித் தமிழக வரலாற்றுக்கே உரிய சான்றுகளாம்.