தெருவில் ஒரு களவு

கேமராவைக் கண்டதும் மனித முகம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. திருத்திக்கொள்ளாத முகம் வேண்டுமென்றால் படமெடுப்பவர் அங்கே இல்லாதவர் போலாக வேண்டும். தெருப் புகைப்படக் கலையின் உத்திகளும் அறச்சிக்கலும் இந்த ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. அதன் வரலாற்றை மறைந்துகொள்ளுதலின் வரலாறாகவும் வாசிக்க முடியும்.

1916இல் நியூயார்க் தெருக்களில் பால் ஸ்ட்ராண்ட் எடுத்த முகங்களை ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம். அவருடைய கேமரா ஒரு திசையை நோக்குவதுபோல் தோன்றும். படம் பதிவாவதோ வேறு திசையில். அவ்வரிசையில் மிகப் புகழ்பெற்றது ஒரு பார்வையற்ற பெண்ணின் படம். தெருவில் விற்பனை செய்வதற்கான உரிம வில்லையும், பார்வையற்றவர் என்று அறிவிக்கும் அட்டையும் அணிந்து சுவரோரம் நிற்கிறார். எந்தத் தந்திரமும் தேவைப்படாத ஒருவர் அவர். இக்கலையின் ஆரம்பகாலச் சாதனையே, தான் பார்க்கப்படுவதைப் பார்க்க இயலாத ஒருவரின் முகமாக அமைந்துவிட்டது.

1925இல் சந்தைக்கு வந்த லைக்கா, கேமராவைக் கைக்குள் அடக்கிவிட்டது. ஹெலன் லெவிட் அதில் செங்கோண வியூஃபைண்டரைப் பொருத்திக்கொண்டு, பக்கவாட்டில் விளையாடும் குழந்தைகளை வேறெங்கோ பார்ப்பவர்போல் நின்று எடுத்தார். அவருடைய நண்பர் வாக்கர் எவன்ஸ் இன்னும் ஒருபடி சென்றார். 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயில்களில், காண்டாக்ஸ் கேமராவின் பளபளக்கும் பகுதிகளுக்குக் கறுப்பு பூசி, மேலங்கிக்குள் மறைத்து, பொத்தான்களுக்கிடையே லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்க, எதிர் இருக்கையில் இருந்தவர்களைப் படமெடுத்தார். ஷட்டரை இயக்கும் கம்பி சட்டைக் கையினூடாக அவர் உள்ளங்கைக்கு வந்திருந்தது. சில பயணங்களில் லெவிட்டும் உடன் சென்றார். வியூஃபைண்டரில் கண்வைத்துப் பார்க்க வழியில்லை. எனவே சட்டகத்தைத் தேரும் உரிமையை எவன்ஸும் இழந்தார். களைப்பும் தனிமையும் ஒளிக்கப்படாத அம்முகங்கள் அப்படித்தான் கிடைத்தன.

ஆனால் அவர் அவற்றை அவசரமாக அச்சேற்றவில்லை. ஜேம்ஸ் ஏஜி 1940இலேயே முன்னுரை எழுதிவிட்டார். 1955இல் இறந்தும் போனார். ‘மெனி ஆர் கால்டு’ என்ற நூலாக அப்படங்கள் வெளிவந்தது 1966இல்தான். எவன்ஸ் தன்னை மனம் வருந்தும் ஓர் ஒற்றனாகவே கருதினார். எடுத்ததற்கும் வெளியிட்டதற்கும் இடைப்பட்ட அக்கால் நூற்றாண்டு, அம்மனிதர்களுக்கு அவர் அளித்த மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

லைக்காவின் உலோகப் பளபளப்பைக் கறுப்பு நாடாவால் மூடிய ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், 1952இல் வெளிவந்த தன் நூலின் பிரெஞ்சுத் தலைப்பிலேயே இதை ஒப்புக்கொண்டார். அத்தலைப்பிலுள்ள சொற்றொடர், உரிமமின்றிக் கடைவிரித்து, காவலரைக் கண்டதும் ஓடத் தயாராக இருக்கும் தெரு வியாபாரியைக் குறிக்கவும் வழங்குவது. ஸ்ட்ராண்டின் படத்திலிருந்த பெண்ணிடமாவது உரிமம் இருந்தது! அதே கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், 1975இல் ஆக்ஸ்ஃபோர்டில் கௌரவப் பட்டம் பெற்றபோது, தன்னைப் படமெடுத்துவிடாதபடி முகத்தைத் தாளால் மறைத்துக்கொண்டார்.

படமெடுக்கப்பட்டவரின் குரல் நீதிமன்றத்தில் ஒலித்தது பின்னாளில். ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா டைம்ஸ் சதுக்கத்தில், நடந்துசெல்வோர் அறியாமல் எடுத்த படங்கள் 2001இல் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றில் தன் முகத்தைக் கண்ட ஒரு யூத முதியவர், அது தன் சமய நம்பிக்கைக்கு எதிரானது என்று வழக்குத் தொடுத்தார். அப்படம் கலை, எனவே கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குரியது என்று 2006இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி சரியான தீர்ப்பாக இருக்கலாம். அந்த முதியவரின் வருத்தத்துக்கு அதில் பதில் இல்லை.

நம் அகமரபில் களவு என்பது ஊருக்கு மறைவானது. ஆனால் இருவரும் உடன்பட்டது. தெருப் புகைப்படமோ ஒருவர் மட்டுமே அறிந்த களவு. அது நமக்களித்த முகங்களை நான் இழக்க விரும்பமாட்டேன். ஆனால் இன்று மறைப்பதற்கு மேலங்கி தேவையில்லை. எல்லோர் கையிலும் இருக்கும் கைபேசியை ஒருவரும் கேமராவாகப் பார்ப்பதில்லை. எடுத்த நொடியிலேயே படம் உலகுக்குச் சென்றுவிடுகிறது. எவன்ஸின் மறைவை நாம் எளிதில் கற்றுக்கொண்டோம். அவருடைய தயக்கத்தைக் கற்றுக்கொள்ளவில்லை.