வரையாட்டின் உறவுமுறை

உயிர்களை இனம் பிரித்துப் பெயரிட்டு அறிதல் மாந்தனின் மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்றாகும். தொல்காப்பிய மரபியல், அறியும் ஆற்றலை அளவுகோலாகக் கொண்டு, புல்லும் மரமும் முதலாக மக்கள் ஈறாக உயிர்களை ஆறு வகையாக அடுக்கிக் காட்டுகின்றது. விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றையும் அது வரையறுக்கின்றது. பிற்காலத்தே ஐரோப்பாவில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், ஒவ்வோர் உயிருக்கும் இரு சொற்களாலான பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் இனத்தையும் குறிக்கும். 1758இல் வெளிவந்த அவரது நூலின் பத்தாம் பதிப்பே விலங்குப் பெயரீட்டிற்கு இன்றளவும் தொடக்க எல்லையாகக் கொள்ளப்படுகின்றது.

1859இல் டார்வினின் நூல் வெளியானபின் வகைப்பாட்டின் நோக்கமே மாறிற்று. உருவ ஒற்றுமை கண்டு அட்டவணை இடுவது மட்டும் போதாது. எவ்வுயிர் எம்மூதாதையிலிருந்து கிளைத்தது என்னும் குலவழியையும் அவ்வட்டவணை காட்டுதல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஆயின் உருவத்தைக் கொண்டு குலத்தை அறிதல் எளிதன்று. இதற்கு நம் தமிழகத்து வரையாட்டின் வரலாற்றினும் சிறந்த சான்று காண்பது அரிது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில், புல்வெளியும் செங்குத்துப் பாறையும் அடுத்தடுத்து அமைந்த இடங்களில் வாழ்வது வரையாடு. தென்னிந்திய மலைகளில் வாழும் ஒரே காட்டாட்டினம் இதுவே. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. பழந்தமிழ் நூல்கள் கூறும் வருடை இவ்விலங்கே என்பர். பட்டினப்பாலை ஆசிரியர், புகார்ப் பண்டசாலை முன்றிலில் நாயும் ஆட்டுக்கடாவும் மூட்டைகளின்மேல் துள்ளுவதைக் கூறுமிடத்து, மலையில் தாவும் வருடையை உவமை காட்டுகின்றார். கடற்கரை நகரத்தைப் பாடிய புலவரும் உவமையாக எடுத்தாளும் அளவிற்கு அது அன்று அறிமுகமாகியிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அறிவியல் உலகில் இதற்கு முதற்பெயர் சூட்டியவர் வில்லியம் ஓகில்பி. 1838இல் அவர் இட்ட இனப்பெயர் ‘ஹைலோகிரியஸ்’ என்பது. கிரேக்க மொழியில் இதற்குக் ‘காட்டுச் செம்மறிக்கடா’ என்று பொருள். நீலகிரியில் வேட்டையாடிய ஆங்கிலேயரோ இதனை ஐபெக்ஸ் என்னும் மலைவெள்ளாட்டின் பெயரால் அழைத்து வந்தனர். ஆகவே, செம்மறியா வெள்ளாடா என்னும் வினா தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது.

இதற்கிடையே நேபாளத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த ஹாட்ஜ்சன், இமயமலைத் தார் என்னும் ஆட்டிற்கு 1841இல் ‘ஹெமிட்ராகஸ்’ என்னும் பேரினத்தை வகுத்தார். ‘அரை வெள்ளாடு’ என்பது அதன் பொருள். குட்டையான கொம்பும் பாறையேறும் திறனும் ஒத்திருத்தல் கண்டு, நம் வரையாட்டையும் அறிஞர்கள் அப்பேரினத்தில் சேர்த்தனர். 1888 முதல் 1891 வரை வெளிவந்த பிளான்ஃபோர்டின் இந்தியப் பாலூட்டிகள் தொகுதியிலும் இவ்விரண்டும் ஒரு பேரினத்து உடன்பிறப்புகளாகவே இடம்பெற்றன. 1894இல் ஓமன் நாட்டு மலையாடு ஒன்று மூன்றாம் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது. மஸ்கட்டில் மருத்துவராகப் பணியாற்றிய இந்தியர் ஜெயகரின் பெயரே அதற்கு இடப்பட்டது. பிழைப்பின் பொருட்டு அயலூர் சென்ற நம் நாட்டவர் ஒருவர், ஓய்வு நேரத்து ஆர்வத்தால் அறிவியலில் அழியாப் பெயர் பெற்றார் என்பது நம்போல்வார்க்கு மகிழ்ச்சி தருவதாகும்.

இவ்வகைப்பாடு ஒரு புதிய சிக்கலைத் தோற்றுவித்தது. இமயத்திற்கும் நீலகிரிக்கும் இடையே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவு. இடைப்பட்ட நிலத்தில் இவ்வின ஆடு எதுவும் இல்லை. உடன்பிறப்புகள் இத்தனை தொலைவில் பிரிந்தது எங்ஙனம்? பனியூழிக் காலத்துக் குளிர்ச்சியில் இமயத்து உயிர்கள் தெற்கே பரவின என்றும், வெப்பம் மிகுந்தபோது அவை மலையுச்சிகளில் ஒதுங்கின என்றும் விடை கூறப்பட்டது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக விளங்கிய சுந்தர்லால் ஹோரா, மலையோடை மீன்களை ஆராய்ந்து, விந்திய சாத்புரா மலைகளின் வழியே கிழக்கிமயத்து உயிர்கள் தெற்கே வந்தன என்னும் கருதுகோளை முன்வைத்தார். வடக்கும் தெற்கும் பண்டு இணைந்திருந்தமைக்கு வரையாடும் நெடுங்காலம் ஒரு சான்றாகக் காட்டப்பட்டது.

ஐயத்திற்கு இடமளிக்கும் வேறுபாடுகளும் இல்லாமல் இல்லை. இமயத்து ஆட்டிற்கு நீண்ட பிடரிமயிர் உண்டு. வரையாட்டின் மயிரோ குட்டையானது. இமயத்துப் பெண் ஆட்டிற்கு நான்கு முலைக்காம்புகள், வரையாட்டிற்கு இரண்டே. நடத்தையைக் கொண்டும் உறவை ஆராய முற்பட்டனர். அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஷாலர், மலையாடுகள் மோதும் முறை, கூடும் காலத்து நடத்தை, மந்தையின் அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு 1977இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். மூணாறை அடுத்த இரவிகுளத்தில் வரையாட்டையும் அவர் நேரிற் கண்டு ஆராய்ந்தவர். எனினும் பழைய பேரினம் அசையாது நின்றது.

2005இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ரோபிக்கே, அசானென் என்னும் இருவரும் இம்மூன்று ஆடுகளின் மரபணுத் தொடர்களை ஒப்பிட்டு முடிவை வெளியிட்டனர். இமயத்து ஆடு வெள்ளாட்டிற்கு நெருங்கிய உறவு. ஓமன் ஆடு வட ஆப்பிரிக்கக் காட்டாடு ஒன்றிற்கு நெருக்கமானது. நம் வரையாடோ செம்மறிக் குலத்திற்கு அண்மையது! உடன்பிறப்புகள் எனக் கருதப்பட்ட மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பத்துப் பிள்ளைகள். செங்குத்துப் பாறையில் வாழும் வாழ்க்கை ஒன்றாய் இருந்தமையால் உடலமைப்பும் ஒன்றுபோல் அமைந்தது. தொழில் ஒன்றாயின் கையின் காய்ப்பும் ஒன்றுபோல் இருக்கும். அதுகொண்டு இருவரை ஒரு தாய் மக்கள் எனல் பொருந்துமோ?

ஆகவே வரையாட்டிற்கு ‘நீல்கிரிட்ராகஸ்’ என்னும் தனிப் பேரினம் வகுக்கப்பட்டது. அலுவலகக் கோப்பொன்று தவறான பிரிவில் நூறாண்டுக்கு மேல் கிடந்து, பின்னர் தனக்குரிய இடம் சேர்ந்ததைப் போன்றது இது. ஓகில்பி தொடக்கத்தில் செம்மறி என்றது ஒருவகையில் மெய்யாயிற்று. ஆயினும் புதுப்பெயரின் பின்பாதி மீண்டும் வெள்ளாட்டையே குறிப்பது வேடிக்கை. தமிழில் இத்தொல்லை இல்லை. ‘ஆடு’ என்னும் நம் சொல் வெள்ளாடு, செம்மறி இரண்டிற்கும் பொது. எனவே வரையாடு என்னும் பெயர் எந்த ஆராய்ச்சியாலும் பிழைபடவில்லை. நம் முன்னோர் மரபணுவை அறிந்திருந்தனர் என்று இதற்குப் பொருளன்று. வாழும் இடத்தால் பெயரிட்டது பாதுகாப்பாய் அமைந்தது என்பதே பொருள்.

ஹோராவின் கருதுகோள் முழுவதும் இதனால் வீழ்ந்துவிடவில்லை; அதற்கு முட்டுக்கொடுத்த ஒரு கால் அகன்றது, அவ்வளவே. ஆனால் வரையாட்டின் நிலை பெரிதும் மாறிற்று. முன்னர் அது மூன்று உடன்பிறப்புகளுள் ஒன்று. இங்கு அழிந்தாலும் இமயத்தில் குலம் வாழும் என்று ஒருவர் ஆறுதல் கொண்டிருக்கலாம். இன்றோ அது தன் பேரினத்தின் ஒற்றை வாரிசு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாய் வாழ்வதில்லை. 2025இல் இரு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,300க்குச் சற்று மேல், ஆக மொத்தம் 2,600க்குச் சற்று மேற்பட்ட வரையாடுகளே காணப்பட்டன. நம் குடியிருப்பு ஒன்றில் வாழும் மக்கள் தொகைகூட இதனினும் மிகுதியாய் இருக்கும். புல்வெளிகளை அயல் மரங்கள் கவ்வியதும், வேட்டையும் அதன் நிலத்தைத் துண்டுதுண்டாக்கிவிட்டன.

வடபுலத்தில் வளரும் நம் பிள்ளைகள் இமயத்தை அறிந்த அளவு மேற்கு மலையை அறியார். விடுமுறைப் பயணச் சலுகையில் ஊர் செல்லும் அன்பர்கள், பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் வழியில் ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவருகே சற்றே நின்று பார்ப்பாராக. பாறை விளிம்பில் வரையாடுகள் நிற்கக் காணலாம். அவற்றிற்குத் தின்பண்டம் எதுவும் இடாது, எட்ட நின்றே பிள்ளைகளுக்குக் காட்டுக. பட்டினப்பாலைப் புலவர் உவமித்த அவ்வுயிர் இன்னும் உயிரோடு உள்ளது என்பதை அவர்கள் தம் கண்ணாற் கண்டு அறியட்டும்.